வேலைக்கும் கல்லூரிக்கும் திரும்பும் தாய்மாருக்கு: தாய்ப்பாலோடு பவுடர் பாலையும் சேர்த்துக் கொடுப்பது எப்படி?

கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்கோ படிப்புக்கோ திரும்பப்போகும் தாய், பால் டப்பாவின் விலையைக் கணக்கிடுவதற்கு முன்னால், தான் வீட்டில் இல்லாமல் இருக்கப்போகும் மணிநேரத்தைக் கணக்கிட வேண்டும். காலை ஏழரைக்கு உச்சிப்புளியில் பேருந்து ஏறி இராமநாதபுரம் போய் மாலை ஐந்தரைக்குத் திரும்பும் ஆசிரியைக்கும், கீழக்கரையில் இரண்டு மணியோடு வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்துவிடும் மாணவிக்கும், விடியுமுன் படகேறித் தீவோரம் கடற்பாசி எடுக்கப் போய் மதியத்துக்கு மேல் கரை சேரும் பாம்பன் பெண்ணுக்கும் ஒரே ஏற்பாடு பொருந்தாது. ஆயினும் மூவருக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. வெளியே இருக்கும் மணிநேரத்துக்கு மட்டுமே மாற்றுப்பால், அதாவது எடுத்துவைத்த தாய்ப்பாலோ பவுடர் பாலோ. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் தாய்ப்பால். இந்த விதியை விடாமல் பிடித்துக்கொண்டால், பகலில் ஓரிரு வேளை பவுடர் பால் குடிக்கும் குழந்தையும் ஒரு வயது தாண்டித் தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்க முடியும். விட்டுவிட்டால் சில வாரங்களிலேயே சுரப்பு குறைந்து, பிறகு டப்பாவை நம்பியே இருக்க வேண்டிய நிலை வந்துவிடும்.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஆகவே, கிடைக்கும் விடுப்பை ஒரு நாளும் வீணாக்காமல் எடுப்பதுதான் முதல் வேலை. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 2017-இல் திருத்தப்பட்டபோது, முதல் இரண்டு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பு 26 வாரங்களாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு விடுப்பு கிடைக்கிறது. வேலைக்குத் திரும்பிய பிறகும், குழந்தைக்கு 15 மாதம் நிறைவடையும்வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளை கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் தருகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் வைத்திருக்க வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே போய்வர அனுமதிக்க வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. முனைவர் பட்ட ஆய்வு செய்யும் பெண்களுக்குப் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016-ஆம் ஆண்டு விதிகள் 240 நாள் வரை விடுப்பு அளித்தன. இளநிலை, முதுநிலை மாணவிகளுக்கும் இத்தகைய விடுப்புக்கும் வருகைப்பதிவுச் சலுகைக்கும் விதி வகுக்குமாறு 2021 டிசம்பரில் அக்குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. இவற்றை வாய்மொழியாகக் கேட்பதைவிட எழுத்தில் கேட்பது நல்லது. கடற்பாசி எடுப்பவர், உப்பளத்தில் வேலை செய்பவர், கருவாடு காயப்போடுபவர், தலைச்சுமையாக மீன் விற்பவர் ஆகியோர் கையில் இந்தச் சட்டம் எதையும் கொடுப்பதில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்; பிரசவித்த சில வாரங்களிலேயே தொழிலுக்குத் திரும்ப வேண்டிய கட்டாயம் அவர்களுக்கே அதிகம்.

பால் எப்படிச் சுரக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்ற ஏற்பாடுகள் தாமாகப் புரியும். இறைக்கிற கிணறுதான் ஊறும் என்பது மார்புக்கும் பொருந்தும். பால் வெளியேறாமல் தேங்கி நின்றால், சுரப்பைக் குறைக்கும்படி உடலுக்கு அறிவிப்பு போகிறது. அடிக்கடி வெளியேறினால் சுரப்பு கூடுகிறது. குழந்தை சப்பும்போது ஏறும் புரோலாக்டின் என்ற ஹார்மோன் பாலை உண்டாக்குகிறது, ஆக்சிடோசின் என்பது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும் என்பதால், இரவிலும் விடியற்காலையிலும் கொடுக்கும் பாலே மறுநாள் சுரப்பைக் காப்பாற்றுகிறது. "ராத்திரி ஒரு புட்டி கொடுத்துட்டா பிள்ளை விடியிற வரைக்கும் தூங்கும், நீயும் தூங்கலாந்தாயி" என்று வீட்டில் அன்போடு சொல்வார்கள். பகல் முழுவதும் பிரிந்திருக்கும் தாய்க்கு இதைவிடக் கெடுதலான யோசனை வேறில்லை. பகலில் ஒரு வேளை பவுடர் பால் கொடுத்தால் ஒரு வேளைதான் போகும். இரவு வேளையை விட்டுக்கொடுத்தால் மறுநாளின் சுரப்பும் சேர்ந்து போகும்.

எவ்வளவு பால் வேண்டும் என்ற கேள்விக்குப் பலரும் டப்பாவின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அட்டவணையைப் பார்க்கிறார்கள். அது தாய்ப்பாலே குடிக்காத குழந்தைக்கானது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை உள்ள குழந்தை தாய்ப்பாலாக ஒரு நாளைக்குச் சராசரியாக 750 மில்லி அளவு குடிக்கிறது. அதாவது மணிக்கு 30 மில்லியும் அதற்குச் சற்று மேலும். பிரிந்திருக்கும் ஒவ்வொரு மணிக்கும் 30 முதல் 45 மில்லி என்று வைத்துக்கொண்டால் கணக்கு சரியாக வரும். மேலே சொன்ன உச்சிப்புளி ஆசிரியை பத்து மணி நேரம் வெளியே இருக்கிறார் என்றால், நான்கு மாதக் குழந்தைக்கு 300 முதல் 450 மில்லி வரை, மூன்று அல்லது நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் போதும். பள்ளியில் இரண்டு முறை பால் எடுத்து 200 மில்லி சேர்க்க முடிந்தால் மீதிக்குத்தான் பவுடர். பெரும்பாலான வகைகளில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு அளவுக் கரண்டி, கரண்டிக்கு ஏறத்தாழ நாலரை கிராம் என்று இருக்கும். நாளைக்கு ஆறு கரண்டி செலவானால் 400 கிராம் டப்பா இரண்டு வாரம் வரும். ஒரு வாரத்திலேயே டப்பா காலியானால், குழந்தைக்குப் பசி கூடிவிட்டது என்று முடிவுகட்டும் முன், தாய் வீட்டில் இருக்கும் நேரத்திலும் புட்டி கொடுக்கப்படுகிறதா என்று பார்க்க வேண்டும்.

திரும்புவதற்கு முன்னுள்ள வாரங்கள்

குழந்தை பிறந்து நான்கு முதல் ஆறு வாரம் வரை மார்பில் குடிப்பது நன்றாகப் பழகட்டும். அதற்கு முன் மருத்துவக் காரணம் இல்லாமல் பவுடர் பாலைத் தொடக் கூடாது. பிரசவ வார்டிலோ மருந்துக் கடையிலோ யாரேனும் இலவச மாதிரி டப்பா கொடுத்தால், அது 1992-ஆம் ஆண்டுக் குழந்தைப் பால் மாற்றுப்பொருள் சட்டப்படி குற்றம் என்பதை நினைவில் கொண்டு, வாங்காமல் விடுவதே நல்லது. வேலைக்குச் சேரும் நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பு, பகலில் வரும் ஒரு வேளையை மட்டும் மாற்றிக் கொடுக்கத் தொடங்கலாம். நான்கைந்து நாள் கழித்து அடுத்த வேளை. இப்படிப் படிப்படியாக மாற்றும்போது மார்பு அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்ளும். பால் கட்டிக்கொண்டு வலிக்காது. சேரும் நாளன்று காலையில் திடீரென மூன்று வேளையை நிறுத்தும் தாய்தான் முதல் வாரத்தில் காய்ச்சலோடு படுக்கிறார்.

முதல் முறை மாற்றுப்பால் கொடுப்பவர் தாயாக இல்லாமல் இருப்பது உத்தமம். தாயின் மணம் மூக்கில் ஏறும் தூரத்தில் இருந்தால் குழந்தை மார்பைத்தான் தேடும். அப்பத்தாவோ அம்மாச்சியோ கொடுக்கட்டும், தாய் பக்கத்து வீட்டுக்குப் போய்வரட்டும். குழந்தை பசித்து வீறிட்டு அழும்வரை காத்திருந்து கொடுக்காமல், லேசாக வாயைச் சப்பத் தொடங்கும்போதே கொடுத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள் இருபது மில்லி குடித்தாலும் அது வெற்றிதான்.

எதில் கொடுப்பது? மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளித்த கரையில் பால்சங்கு புதிதன்று. ஆனால் இயற்கைச் சங்கின் உட்சுருளில் பால் ஒட்டிக்கொண்டால் கழுவுவது கடினம். திறந்த வாயுள்ள எவர்சில்வர் பாலாடை அல்லது ஓரம் மழுங்கிய சிறு கிண்ணம் அதைவிடச் சுத்தமானது, புட்டியைவிடவும் பாதுகாப்பானது. குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்துப் பிடித்து, பால் கீழுதட்டைத் தொடும்படி பாலாடையைச் சாய்த்தால், அதுவே நாக்கால் நக்கியும் உறிஞ்சியும் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக் கூடாது; மூச்சுக்குழாயில் போய்விடும். புட்டிதான் என்றால், மெதுவாகச் சொட்டும் ரப்பரை வாங்கி, புட்டியைச் செங்குத்தாகக் கவிழ்க்காமல் படுக்கைவாட்டில் பிடித்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்திக் கொடுக்க வேண்டும். புட்டியில் பால் தானாகக் கொட்டுவது பழகிவிட்டால், உழைத்துச் சப்ப வேண்டிய மார்பைச் சில குழந்தைகள் வெறுக்கத் தொடங்குகின்றன. மீதமிருக்கும் பத்து மில்லியையும் எப்படியாவது உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற பாசம் இங்கே வேண்டாம். முகத்தைத் திருப்பினால் வேளை முடிந்தது. தாய் வீடு வந்து சேரும் நேரத்துக்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் எதுவும் கொடுக்காமல் இருந்தால், வாசலில் காலடி வைத்ததுமே குழந்தை ஆவலோடு குடிக்கும்.

பால் எடுப்பதும் வைப்பதும்

வேலையிடத்தில் பால் எடுக்க மின்கருவி கட்டாயம் இல்லை. கையே போதும், கருவியைக் கழுவிக் கொதிக்கவைக்கும் வேலையும் மிச்சம். சோப்புப் போட்டுக் கை கழுவி, சற்று முன்சாய்ந்து உட்கார்ந்து, காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிக் கருவட்டத்தின் ஓரத்தில் மேலே கட்டைவிரலும் கீழே ஆள்காட்டி விரலும் வைக்க வேண்டும். விரல்களை முதலில் விலா எலும்பை நோக்கிப் பின்னால் அழுத்தி, பிறகு ஒன்றையொன்று நோக்கி நெருக்கி, விட வேண்டும். தோலின் மேல் வழுக்கி இழுக்கக் கூடாது, காம்பைப் பிடித்துப் பிதுக்கவும் கூடாது. பால் காம்பில் இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிறது. முதல் சில அழுத்தங்களுக்கு ஒன்றும் வராது. பிறகு துளித்துளியாகக் கசியும். சற்று நேரத்தில் மெல்லிய தாரைகளாகப் பீய்ச்சும். தாரை ஓய்ந்ததும் விரல்களைக் கடிகார முள்போல இடம் மாற்றி வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்பை மாற்றினால், மொத்தம் இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். தொடக்கத்தில் வரும் பால் நீர்த்து இளநீலமாகத் தெரியும், கடைசியில் வருவது கெட்டியாக வெளுத்திருக்கும். இரண்டும் குழந்தைக்கு வேண்டும். பதற்றமாக இருந்தால் பால் இறங்காது என்பது உண்மை. குழந்தையின் படத்தைக் கைப்பேசியில் பார்ப்பதோ அது உடுத்திய துணியை முகர்வதோ சிலருக்கு உடனே உதவுகிறது.

பத்து மணி நேரப் பிரிவில் மூன்று மணிக்கு ஒருமுறை என்று வைத்துக்கொண்டால் இரண்டு மூன்று முறை எடுக்க நேரிடும். இடம்தான் பிரச்சினை. கழிவறை இதற்கான இடமே அன்று. பயன்படாத ஆய்வகம், நூலகத்தின் பின்னறை, பெண் ஊழியர் ஓய்வறை என ஏதேனும் ஒன்றை உள்தாழ்ப்பாளோடு கேட்டு வாங்கலாம். 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பயணத்தில் இருப்பவர் அவற்றைப் பயன்படுத்தலாம். பூட்டிக் கிடந்தால் நேரக் காப்பாளரிடம் சாவி கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எடுத்த பால் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதில்தான் நம் இராமநாதபுரக் கரைக்கும் புத்தகத்துக்கும் இடைவெளி உள்ளது. 25 டிகிரி வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரை வைக்கலாம் என்பது பொதுவான அளவு. சித்திரை, வைகாசியில் மண்டபத்திலோ தொண்டியிலோ ஓட்டு வீட்டுக்குள்ளும் வெப்பம் முப்பதைத் தாண்டி நிற்கும். ஆகவே எடுத்தவுடனே குளிர்ச்சியில் வைப்பதே முறை. இதற்கு மீன் வியாபாரத்தில் எல்லாரும் அறிந்த தெர்மாகோல் பெட்டியே கைகொடுக்கும். ஆனால் புதியதாக, மீன் படாததாக இருக்க வேண்டும். ஐஸ் கம்பெனியில் உடைத்து வாங்கும் ஐஸ் மீனுக்கானது. அந்தத் தண்ணீர் குழந்தையின் பால் கலத்தின் மூடிவழி கசிந்தால் வயிற்றுப்போக்கு வரலாம். வீட்டு ஃப்ரீசரில் முந்தைய இரவே இரண்டு பாட்டில் குடிநீரை மூடியிட்டு உறையவைத்து, காலையில் பெட்டிக்குள் இருபுறமும் நிறுத்தி, நடுவே மூடி இறுகிய எவர்சில்வர் அல்லது கண்ணாடிக் கலத்தில் பாலை வைத்தால் மாலை வரை கவலையில்லை. பனிக்கட்டி கரையாமல் இருக்கும் பெட்டியில் 24 மணி நேரம், ஃப்ரிட்ஜின் உட்பகுதியில் நான்கு நாள், தனிக்கதவுள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை பால் நல்லபடி இருக்கும். ஃப்ரிட்ஜின் கதவில் வைக்கக் கூடாது. கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் குளிர்ச்சி தாங்கும். உறைந்த பாலை ஒருமுறை உருக்கினால் 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மறுபடி உறையவைக்கக் கூடாது.

வைத்த பாலின் மேல் ஏடு பிரிந்து நின்றால் கெட்டுவிட்டது என்று கொட்டிவிட வேண்டாம். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் காய்ச்சாமல், மைக்ரோவேவில் வைக்காமல், வெந்நீர்ப் பாத்திரத்தில் கலத்தை நிறுத்திச் சூடேற்ற வேண்டும். குழந்தை வாய்வைத்த மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பவுடர் பால் கலக்கும் முறை

இந்தக் கரையில் பவுடர் பாலின் முதல் ஆபத்து தண்ணீரில் இருக்கிறது. பல ஊர்களில் கிணற்று நீரும் போர் நீரும் உவர்ப்பானவை. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச்சுண்ட உப்பு இன்னும் செறியும். பவுடரில் ஏற்கெனவே அளவாகச் சேர்த்திருக்கும் உப்போடு இதுவும் சேர்ந்தால், முதிராத சிறுநீரகத்தால் தாங்க முடியாது. எனவே காவிரிக் கூட்டுக் குடிநீரோ, சுத்திகரித்த கேன் தண்ணீரோ, உப்புக் கரிக்காத ஊற்றுத் தண்ணீரோதான் இதற்கு ஆகும். கேன் தண்ணீரானாலும் கொதிக்கவைத்தே தீர வேண்டும். தண்ணீர் சுத்தமாக இருந்தாலும் பவுடர் கிருமியற்றது அன்று என்பதுதான் காரணம். டப்பாவுக்குள் அரிதாகக் குரோனோபாக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கக்கூடும். அவை சாக வேண்டுமானால் கலக்கும் தண்ணீர் 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007-ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கும் நம் வழக்கம் இதற்கு நேர்மாறானது. சில டப்பாக்களின் மேலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை ஆகலாம்.

பாலாடை, கிண்ணம், புட்டி, ரப்பர் அனைத்தையும் சோப்பில் கழுவி, முழுவதும் மூழ்கும்படி தண்ணீரில் இட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். குடிக்கும் தண்ணீரை வேறு பாத்திரத்தில் தளதளவெனக் கொதிக்கவிட்டு, மூடிவைத்து, அரை மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். முதலில் அளந்த தண்ணீர், பிறகு பவுடர். கரண்டியைப் பவுடரில் அமுக்கி நிரப்பாமல், அள்ளியெடுத்து மேற்பரப்பைச் சுத்தமான கத்தியின் முதுகால் வழித்துச் சமப்படுத்த வேண்டும். ஒவ்வொரு வகை டப்பாவுக்கும் அதனதன் கரண்டிதான். பழைய டப்பாவின் கரண்டியைப் புதியதற்குப் பயன்படுத்தினால் அளவு மாறும். கலந்ததும் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். கலந்த பால் இரண்டு மணி நேரம். குழந்தை வாய்வைத்துவிட்டால் ஒரு மணி நேரம். அதற்கு மேல் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

டப்பா சீக்கிரம் தீர்கிறதே என்று ஒரு கரண்டிக்கு அறுபது மில்லி தண்ணீர் ஊற்றுபவர்கள் உண்டு. குழந்தையின் வயிறு நிறையும், எடை ஏறாது. இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய் வலிப்பு வரைக்கும் போகலாம். கெட்டியாகக் கலந்தால் நீரிழப்பும் மலச்சிக்கலும் வரும். செலவுதான் கவலையென்றால், வேலையிடத்தில் ஒருமுறை கூடுதலாகப் பால் எடுப்பதே அதற்கு மருந்து. அதைப்போலவே, காலையில் மூன்று வேளைப் பாலையும் கலந்து ப்ளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டுப் போகும் வழக்கத்தையும் அடியோடு நிறுத்த வேண்டும். மணிக்கணக்கில் வெதுவெதுப்பாக நிற்கும் பாலைப் போலக் கிருமி வளர வசதியான இடம் இல்லை. ப்ளாஸ்கில் இருக்க வேண்டியது, 70 டிகிரிக்குக் குறையாமல் சூடு தாங்கும்படி, கொதித்ததும் ஊற்றிய தண்ணீர் மட்டும். பவுடரை வேளைக்கு இவ்வளவு என்று உலர்ந்த சிறு டப்பிகளில் அளந்து மூடி வைத்துவிட்டால், கண்பார்வை மங்கிய அப்பத்தாவும் தவறாமல் கலக்க முடியும். கடற்காற்றின் ஈரத்தில் பவுடர் கட்டிபிடிக்கும் என்பதால் பெரிய டப்பாவை இறுக மூடி உலர்ந்த அலமாரியில் வைக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது.

தாய்ப்பாலையும் பவுடர் பாலையும் ஒரே வேளையில் கொடுக்கலாமா என்றால், கொடுக்கலாம். முதலில் தாய்ப்பாலைக் கொடுத்து முடித்து, பிறகு பவுடர் பாலைக் கொடுத்தால், மிச்சமாகிக் கொட்டப்படுவது பவுடர் பாலாக இருக்கும். தண்ணீருக்குப் பதிலாகத் தாய்ப்பாலில் பவுடரைக் கரைப்பது மட்டும் கூடவே கூடாது. ஒரு வயதுக்கு முன் பசும்பாலையோ ஆட்டுப்பாலையோ முதன்மைப் பாலாகக் கொடுக்கக் கூடாது. தெருவில் கறந்து சங்கில் விற்கும் கழுதைப்பாலும், தேனும், சர்க்கரைத் தண்ணீரும் அந்த வயதில் ஒரு சொட்டும் வேண்டாம்.

கடலுக்கும் வெயிலுக்கும் போகும் தாய்மார்

கடற்பாசி எடுக்கப் போகும் பெண்ணுக்குப் படகில் சுத்தமாகப் பால் எடுத்துப் பத்திரப்படுத்துவது நடைமுறையில் இயலாது. அவர் கிளம்புவதற்குச் சற்று முன் குழந்தையை எழுப்பியாவது நிறையக் குடிக்கவைத்து, மிச்சப் பாலையும் கையால் எடுத்து வீட்டில் வைத்துவிட்டுப் போகலாம். கடலில் மார்பு கனத்து வலித்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி விட்டுவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் பால் கட்டும். கரை திரும்பியதும் உப்பும் வியர்வையும் போக நல்ல தண்ணீரில் மார்பைக் கழுவிக்கொண்டு உடனே கொடுக்கலாம். வெயிலில் வந்த உடம்பின் 'சூட்டுப்பால்' குழந்தைக்கு ஆகாது, அதைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மை இல்லை. மார்புக்குள் இருக்கும் பால் வெயிலால் கெடாது, கடல் குளிர்ச்சியாலும் கெடாது. கொட்டப்படுவது அந்த நாளின் மிக நல்ல வேளை.

பால் சுரக்கக் காரல் மீன் சாறும் பால்சுறாப் புட்டும் பூண்டும் கொடுப்பது நல்ல வழக்கம். உழைக்கும் தாய்க்கு அந்தப் புரதமும் நீரும் தேவை. ஆனால் எத்தனை சுறாப்புட்டு சாப்பிட்டாலும், பால் எடுக்கப்படாவிட்டால் சுரப்பு குறையவே செய்யும். பால் கட்டினால் மல்லிகைப்பூவை மார்பில் வைத்துக் கட்டும் வழக்கம் குறித்தும் எச்சரிக்கை வேண்டும். அது சுரப்பை வற்றச் செய்வதற்காகச் செய்யப்படுவது. தொடர்ந்து பாலூட்ட விரும்பும் தாய் அதைச் செய்யவே கூடாது. பால் கட்டிய மார்புக்குக் குழந்தையைக் குடிக்கவிடுவதும், குடித்து முடித்தபின் குளிர்ந்த ஈரத்துணி ஒத்தடமும் போதும். அழுத்திப் பிசைந்தால் வீக்கம் கூடும். சிவந்து, தொட்டால் சுட்டு, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

பால் போதுகிறதா என்பதைக் குழந்தையின் அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. சிறுநீரை வைத்துச் சொல்லலாம். 24 மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளிர் நிறத்தில் சிறுநீர் போனால் போதுகிறது. மாதந்தோறும் தடுப்பூசி நாளில் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ எடை போட்டு, அட்டையில் கோடு மேலே ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். பவுடர் பால் தொடங்கியபின் மலம் கெட்டியாகி மணம் மாறுவது இயல்பு. மலத்தில் இரத்தம், உடலெங்கும் தடிப்பு, ஓயாத வாந்தி இவற்றில் எது இருந்தாலும் பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். டப்பாவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். சில குழந்தைகள் பகலில் மாற்றுப்பாலைப் பேருக்குக் குடித்துவிட்டு, தாய் வந்தபின் மாலையும் இரவும் விடாமல் குடிக்கும். சிறுநீரும் எடையும் சரியாக இருந்தால் அது குறையன்று. தாய்க்குத் தூக்கம் கெடும் என்பது மட்டும் உண்மை. அந்த வாரங்களில் வீட்டுச் சமையலையும் தண்ணீர் பிடிப்பதையும் மற்றவர்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். பிள்ளையை வாங்கி வைத்துக்கொள்வது மட்டுமே உதவியாகிவிடாது.

விடுமுறை நாள்களில் பவுடர் பாலைத் தொடவே வேண்டாம். சனி, ஞாயிறு முழுக்கக் குழந்தை மார்பிலேயே குடித்தால் வாரத்தில் குறைந்த சுரப்பு திரும்பக் கூடும். திங்கட்கிழமை மார்பு சற்றுக் கனக்கும். அன்று ஒருமுறை கூடுதலாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆறு மாதம் முடிந்து வேலைக்குத் திரும்பும் தாய்க்கு இந்த ஏற்பாட்டில் பெரும்பகுதி தேவைப்படாது. 26 வார விடுப்பை முழுதும் பிரசவத்துக்குப் பின் எடுத்தவரின் குழந்தை பகலில் நெய் விட்டுக் குழைத்த பருப்புச் சாதமும், கேழ்வரகுக் கூழும், முள் நீக்கி மசித்த மீனும் தின்னும் வயதுக்கு வந்திருக்கும். எடுத்துவைத்த தாய்ப்பால் ஒரு வேளை, தேவையென்றால் பவுடர் பால் ஒரு வேளை, மற்றவை இணை உணவு என்று பகலை ஓட்டிவிடலாம். அந்த வயதுக்கு 'இரண்டாம் நிலை' என்று விற்கும் டப்பாவுக்கு மாறியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முதல் நிலைப் பாலையே ஒரு வயது வரை தொடரலாம். ஒரு வயது நிறைந்ததும் டப்பாவை நிறுத்திவிட்டு, பகலில் காய்ச்சிய பசும்பாலைப் புட்டியில் ஊற்றாமல் டம்ளரில் கொடுக்கலாம். காலையும் மாலையும் இரவும் தாய்ப்பால் முன்போலவே தொடரட்டும்.